எழுத்துக்கு முன்னொரு எழுத்து

மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டு வீடு திரும்பிய ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில், தானும் தன்னைக் கட்டப்போகிறவரும் எழுத்துக்கு முன்பாக, பிரிய நேர்ந்தால் சொத்துக் கணக்கை எப்படித் தீர்ப்பது என்று எழுதிவைக்கும் ஒரு திருமண ஒப்பந்தம் செய்துகொள்ளப் போவதாக மகள் எங்களிடம் சொன்னாள். யாழ்ப்பாணத்தார் அல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம்: கலியாணப் பதிவை நாங்கள் எழுத்து என்றுதான் சொல்வோம். என் கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆர் கேட்டது? அவையோ, நீயோ?" என்று மட்டும் கேட்டார். "ஒருத்தரும் கேக்கேல்லை அப்பா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் யோசிச்சனாங்கள்" என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. கலியாணப் பேச்சில் ஒரு பக்கம் கேட்பதும் மறுபக்கம் கொடுப்பதுமே அவர் அறிந்த ஒழுங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது அந்த ஒழுங்கில் எங்கும் இல்லை.

மூன்று நாள் கழித்து மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். மண்டபத்தையும் சாப்பாட்டையும் பற்றிப் பேசி முடித்துவிட்டு, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "அக்கா, சேர முன்னமே பிரியிறதுக்கு எழுதி வைக்கிறதோ? எங்கட ஆக்களிட்டை இப்பிடி ஒரு வழக்கம் இல்லையெல்லோ" என்றார். நானும் "ஓம் ஓம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில்தான் அந்த ஓம் எவ்வளவு பெரிய பொய் என்பது எனக்கு உறைத்தது. பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு வந்து உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், முடிக்காமல் எங்கள் ஊரில் எந்தக் கலியாணம் நடந்தது?

என்னுடைய சீதன உறுதி 1986ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், எழுத்துக்கு நான்கு நாள் முன்பு, எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து முடிக்கப்பட்டது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இல்லாமல் எழுதப்படும் காணிக் கைமாற்றம் செல்லாது என்கிறது. ஆகவே நொத்தாரிசு ஐயா தம் எழுத்தரோடு வந்திருந்தார். அயலவர் இருவர் சாட்சிகளாக நின்றார்கள். வலிகாமம் வடக்கில் 6 பரப்பு, அதாவது ஏக்கரில் அரைக்குக் குறைவான காணி, அதிலுள்ள கல்வீடு, பனைகள், தெற்கு எல்லையில் உள்ள கிணற்றில் அரைப்பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை, நாற்புறமும் எல்லை, பெற்றோருக்கு அவர்கள் காலம் வரைக்கும் சீவிய உரித்து என்று அவர் ஒரே இழுவையில் வாசித்தது இன்றும் காதில் இருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மான் பக்கத்துக் கதிரையில் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்த வேளையில், "கிணத்திலை அரைப்பங்கெண்டால் மிச்சம் ஆருக்கு?" என்று அவர் கேட்டதும், நொத்தாரிசு கண்ணாடியை இறக்கிப் பார்த்ததும் நினைவிருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கையொப்பமிட்டார்கள். நன்கொடையை ஏற்றுக்கொள்வதாக எழுதப்பட்ட வரிக்குக் கீழே நானும் கையொப்பமிட்டேன். மணமகனின் கையொப்பத்துக்கு அதில் இடம் இருக்கவில்லை. ஆனாலும் அந்த உறுதியின் ஒவ்வொரு வரியும் அவருடைய வீட்டாரோடு பேசி முடித்த வரிதான்.

இந்த உறுதிக்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தத் திசாவை, அதாவது ஆட்சி அதிகாரி, தொகுத்து, முதலியார் என்ற பதவியில் இருந்த உள்ளூர்த் தலைவர்கள் 12 பேர் சரிபார்க்க, 1707ஆம் ஆண்டில் தேசவழமை என்று நூலாக்கினார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்கு முழுச் சட்ட வலு கொடுத்தார்கள். கணவன் தன் பெற்றோர் வழியாகக் கொண்டுவருவது முதுசம், மனைவி கொண்டுவருவது சீதனம், இருவரும் கூடி வாழும் காலத்தில் சம்பாதிப்பது தேடியதேட்டம் என்று அது சொத்தை வகை பிரித்தது. பிள்ளையில்லாமல் ஒரு பெண் இறந்தால் அவளுடைய சீதனம் புகுந்த வீட்டில் தங்காமல் வந்த வழியே திரும்பும். மறுபுறத்தில், சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கேட்க முடியாது. இத்தனையையும் எழுதிவைத்த சமூகத்தில் பிறந்துவிட்டு, கணவன் மனைவிக்கிடையே பணத்தைப் பற்றி எழுதுவது வெள்ளைக்காரர் வழக்கம் என்று நாங்கள் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம்.

அந்த உறுதியைக் கொண்டாட நான் வரவில்லை. அது எனக்குத் தந்ததும் தராததும் இரண்டும் எனக்குத் தெரியும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி அந்தக் காணி எனக்கே தனிச் சொத்து. ஆனால் அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, மணமான பெண் தன் அசையாச் சொத்தைத் தன் வாழ்நாளில் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. கணவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். தன் முதுசக் காணியை விற்கும் ஆணுக்கு மனைவியின் சம்மதம் தேவையில்லை. ஆக, என் பெயரில் எழுதப்பட்ட காணிக்குத் திறப்பு இரண்டு, அதில் ஒன்று அவர் கையில்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போரினால் எங்கள் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அப்பா உறுதிகளை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, துவிச்சக்கரவண்டிச் சட்டத்தில் கட்டிக்கொண்டு வந்தார். பல வருடங்கள் அந்தக் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. விடுவிக்கப்பட்ட பிறகு போய்ப் பார்த்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. தெற்கு எல்லையிலே கிணறு என்று உறுதியில் இருந்த ஒரு வரியை வைத்துத்தான் எங்கள் நிலம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்தோம்.

ஆனால் உறுதியில் இல்லாத ஒன்றும் இருந்தது. சீதனக் காணியோடு ஒன்றரை இலட்சம் ரூபா டொனேசன் கொடுக்கப்பட்டது. அது மாப்பிள்ளையின் பெற்றோருக்குப் போகும் பணம். அடுத்த வருடமே அது என் மச்சாளின் சீதனத்தோடு சேர்ந்து வேறொரு வீட்டுக்குப் போயிற்று. கொடுத்ததற்கும் எழுத்தில்லை, வாங்கியதற்கும் எழுத்தில்லை. கிணற்றில் அரைப்பங்கை நொத்தாரிசு முன்னிலையில் கேட்டு உறுதிப்படுத்திய அம்மான், பழப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த காசை எண்ணிப் பார்க்கவும் இல்லை. எண்ணுவது மரியாதைக் குறைவு. அந்தப் பணத்துக்காக அப்பா கொக்குவிலில் இருந்த தம்முடைய முதுசக் காணியை ஈட்டுக்கு வைத்திருந்தார் என்பதை அவர் இறந்த பிறகுதான் நான் அறிந்தேன். ஆறு வருடம் வட்டி கட்டியிருக்கிறார். என் கலியாணத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் போன மிகப் பெரிய செய்தி அதுதான்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில், மகளின் சட்டத்தரணி என்ன சொன்னார் என்பதற்கு வருகிறேன். நான் சட்டம் படித்தவளல்ல. இருபது வருடத்துக்கு மேல் கடைகளுக்குக் கணக்கெழுதியவள். அதனால் சட்டத்தைவிட எண்கள் எனக்குச் சுலபமாகப் புரிகின்றன. ஒன்ராறியோவின் குடும்பச் சட்டம், பிரிவின்போது சொத்தைப் பிய்த்துக் கொடுப்பதில்லை. இருவரும் மணநாளில் வைத்திருந்த நிகரப் பெறுமதியையும் பிரிந்த நாளில் வைத்திருக்கும் நிகரப் பெறுமதியையும் கணக்கெடுத்து, இடைக்காலத்தில் யாருடைய கணக்கு எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்கிறது. அதிகம் வளர்ந்தவர் அந்த வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். இதை ஆங்கிலச் சொற்களில் மகள் இரண்டு தடவை விளங்கப்படுத்தியும் என் கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டேயிருந்தார். "தேடியதேட்டத்தைப் பாதி பாதியாக்கிறது, ஆனால் காணியாயில்லாமல் காசாய்" என்று நான் சொன்னவுடனே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்று நூற்றாண்டுப் பழைய சொல் ஒன்று அன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் வேலை செய்தது.

எங்கள் வீட்டுச் சிக்கல் தொடங்குவது குடும்ப வீடு என்ற இடத்தில். மகள் மூன்று வருடங்களுக்கு முன்பு, நாங்கள் கொடுத்த முற்பணத்தோடு ஏஜக்சில் ஒரு தொடர்வீடு வாங்கினாள். மாப்பிள்ளையிடமும் ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, இருக்கிறது. அதை வாடகைக்கு விட்டிருக்கிறார். மணமான பின் இருவரும் மகளின் வீட்டில் குடியிருப்பதாக ஏற்பாடு. கணக்குக்காக, கடன் போக இரண்டு வீடுகளிலும் தலா 200,000 டொலர் நிற்கிறது என்றும், வேறு சொத்து எதுவுமில்லை என்றும், பத்து வருடத்துக்குப் பிறகும் அந்தப் பெறுமதி அப்படியே இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மணநாளில் வைத்திருந்த 200,000 டொலரைக் கழித்துக்கொள்ளலாம். அவர் கணக்கு பூச்சியம். மகளால் கழிக்க முடியாது. பிரியும் நாளில் குடும்பம் வாழ்ந்த வீடாக அது இருக்குமானால், அதன் மணநாள் பெறுமதியைக் கழிக்கச் சட்டம் விடுவதில்லை. அவள் கணக்கு 200,000. அதில் பாதியான 100,000 டொலரை அவள் அவருக்குக் கொடுக்க வேண்டும். ஒரே அளவு சொத்தோடு வந்த இருவரில், வாழ இடம் கொடுத்தவர் இழக்கிறார். முற்பணம் பெற்றோர் கொடுத்தது என்ற வாதமும் இங்கே உதவாது. மணத்துக்குப் பின் பெற்றோரிடமிருந்து வரும் நன்கொடையைச் சட்டம் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே நன்கொடை குடும்ப வீட்டுக்குள் போய்விட்டால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும்.

எங்கள் சமூகத்தில் எத்தனை பெற்றோர் பிள்ளைகளின் வீட்டுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இந்த ஒரு விதியின் கனம் புரியும். மோட்கேஜ் என்ற வீட்டுக்கடனைக் கொடுக்கும் வங்கி, இந்தப் பணம் திருப்பிக் கேட்கப்படாத நன்கொடை என்று பெற்றோரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடும். வாசிக்காமல் கையொப்பமிட்டுவிட்டு, பிள்ளைகள் பிரியும் காலத்தில் அது கடன்தான் என்று நீதிமன்றத்தில் சொல்பவர்களுக்கு எதிராக முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்தக் கடிதமே. நானும் அப்படி ஒரு கடிதத்தில், கணக்கெழுதுபவளாக இருந்தும், சமையலறை மேசையில் நின்றபடி கையொப்பமிட்டவள்தான்.

ஒப்பந்தம் இந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. இரண்டு வீடுகளிலும் மணநாளில் உள்ள நிகரப் பெறுமதி அவரவருக்கு. அதற்கு மேல் வளர்வது இருவருக்கும் சரிபாதி. மகளும் மாப்பிள்ளையும் எழுதிக்கொண்டதன் நடுநாயகம் இவ்வளவுதான். எழுத முடியாதவையும் சில உண்டு. பிள்ளை யாரிடம் இருப்பது என்பதை முன்கூட்டி எழுதிக் கட்டிவைக்க முடியாது. குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமையை மற்றவரிடமிருந்து பறிக்கும் வரி செல்லாது. வீடு ஒருவர் பெயரிலேயே இருந்தாலும் மற்றவரின் சம்மதமில்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் 6ஆம் பிரிவு ஞாபகம் வந்தது. அங்கே மனைவி மட்டும் கேட்க வேண்டிய சம்மதத்தை இங்கே இருவரும் கேட்க வேண்டும், அதுவும் வாழும் வீட்டுக்கு மட்டும். ஒருவர் மற்றவருக்கு வாழ்க்கைச் செலவு கொடுக்கும் பொறுப்பைக் கைவிடுவதாக எழுதலாம். ஆனால் அதன் விளைவு மனச்சாட்சிக்கு ஒவ்வாத அளவுக்குக் கொடுமையாக இருந்தால் நீதிமன்றம் அதை ஒதுக்கிவிடலாம். மகள் அந்த வரியே வேண்டாம் என்றாள். பிள்ளை பிறந்தால் இரண்டு வருடம் வேலையை விட்டு நிற்கப்போவது அநேகமாகத் தான்தான் என்று அவள் சொன்னபோது, மாப்பிள்ளை மறுக்காமல் தலையாட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

ஒப்பந்தத்துக்கு முன்பாக இருவரும் தத்தம் சொத்தையும் கடனையும் முழுமையாக எழுதி மற்றவரிடம் கொடுக்க வேண்டும். இந்தப் பட்டியலைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். வங்கிக் கணக்கு, ஓய்வுகாலச் சேமிப்பு, கடனட்டை, வாகனக் கடன், மாணவர் கடனின் மிச்சம் என்று எல்லாமே. குறிப்பிடத்தக்க சொத்தையோ கடனையோ ஒருவர் மறைத்தால், அல்லது தான் எதில் கையொப்பமிடுகிறேன் என்பது ஒருவருக்கு விளங்காதிருந்தால், பின்னாளில் நீதிமன்றம் ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்கலாம். பணக்காரக் குடும்பத்து மாப்பிள்ளை ஒருவர் திருமணத்துக்கு மிக அண்மையில் ஒப்பந்தத்தை நீட்டி, தம் சொத்து விவரத்தை முழுமையாகச் சொல்லாமல் கையொப்பம் வாங்கிய வழக்கில், அந்த ஒப்பந்தம் தள்ளப்பட்டதை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் உறுதிசெய்தது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சட்டத்தரணிகளான இருவர் மணம் செய்துகொண்டார்கள். இந்த ஒப்பந்தம் உனக்குப் பெரும் அநியாயம் என்று தன்னுடைய சட்டத்தரணி எழுத்தில் எச்சரித்திருந்தும், மணமகள் திருமண நாளன்று கையொப்பமிட்டார். 2004இல் கனடிய உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்த ஒப்பந்தத்தைச் செல்லும் என்றது. விவரம் தெரிந்து, ஆலோசனை கேட்டு, பிறகும் கையொப்பமிட்டவரை நீதிமன்றம் எளிதில் காப்பாற்ற வராது. ஆகவேதான் இருவருக்கும் இரு வேறு சட்டத்தரணிகள். அந்தச் செலவு வீண் என்று முணுமுணுத்த என் கணவருக்கு, இரண்டு பேருடைய கட்டணமும் சேர்ந்து மணவறைப் பூச்சோடனைக்குக் கேட்ட தொகையைவிடக் குறைவு என்று கணக்குக் காட்டினேன்.

பட்டியல் கைமாறிய வாரத்தில் வீடு அமைதியாக இருக்கவில்லை. மாப்பிள்ளையின் தாளில், கடன்கள் என்ற தலைப்பின் கீழ், லைன் ஒஃப் கிரெடிட் 38,000 டொலர் என்று ஒரு வரி இருந்தது. நான்கு வருடமாகப் பழகியும் மகளுக்கு அது தெரியாது. தகப்பனாரின் உணவுக்கடை மூடப்பட்டபோது வாடகைப் பாக்கியை அடைக்க மகன் தன் பெயரில் எடுத்த பணம் அது. மாதம் மாதம் கட்டிக்கொண்டு வருகிறார். இரண்டு நாள் மகள் யாரோடும் பேசவில்லை. கடன் அவளை வருத்தவில்லை; கடற்கரையிலும் காரிலும் மணிக்கணக்காகப் பேசியவர் இதைச் சட்டத்தரணி தந்த தாளில்தான் சொன்னார் என்பது அவளை வருத்தியது. இந்தத் தாளில்லாவிட்டால் எப்போது சொல்லியிருப்பார் என்று கேட்டாளாம். வீடு மாற்றும்போது, மோட்கேஜ் கேட்கும்போது, என்று அவர் உண்மையையே சொன்னாராம். மகளின் தாளிலும் ஒரு வரி இருந்தது. யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் என் தங்கைக்கு அவள் மாதம் 250 டொலர் அனுப்புகிறாள்; எனக்கே அந்தத் தொகை தெரியாது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சித்திக்குக் கொடுப்பதையெல்லாம் ஒரு ஒப்பந்தத்துக்குள் எழுதுவதா என்று. கடைசியில் இருவரும் சேர்ந்து, பெற்றோர் உறவினருக்கென்று ஆளுக்கு மாதம் இவ்வளவு வரை கேள்வியில்லாமல் கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் பேசித்தான் என்று ஒரு வரி எழுதினார்கள். சட்டத்தரணி அந்த வரியை நீதிமன்றத்தில் வைத்து வாதாடுவது கடினம் என்று சொன்னாராம். எழுதி வைத்தால் போதும் என்றார்களாம் இருவரும்.

அதே வாரம் சம்பந்தி அம்மா மறுபடியும் அழைத்தார். இந்த முறை மண்டபப் பேச்சு இல்லை. "உங்களுக்கு இப்ப எல்லாம் தெரிஞ்சிருக்கும், அக்கா" என்றார். முதல் நாள் அவர் சொன்ன வழக்கம் எந்த வழக்கம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகன் தகப்பனின் கடனைச் சுமப்பது சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வருவதைத்தான் அவர் அஞ்சியிருந்தார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. கொக்குவில் காணியை அப்பா ஈட்டுக்கு வைத்த கதையைச் சொன்னேன். என் கணவரிடம்கூட அதை நான் முழுமையாகச் சொன்னதில்லை. சம்பந்தி அம்மா சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, தன்னுடைய டொனேசனுக்காகத் தன் தமையன் மத்திய கிழக்கில் மூன்று வருடம் கூடுதலாக நின்ற கதையைச் சொன்னார். இரவு பதினொரு மணியாகியும் நாங்கள் தொலைபேசியை வைக்கவில்லை.

தாலிக்கொடி பற்றியும் ஒரு கேள்வி வந்தது. எழுத்து ஆனி மாதத்தில், கோயிலில் தாலி கட்டுவது ஆவணியில். எங்கள் கணக்கில் தாலி ஏறும் நாள்தான் கலியாண நாள். சட்டத்தின் கணக்கில் எழுத்து நடந்த நாளே மணநாள். அப்படியானால் தாலி, மணத்துக்குப் பின் வந்த ஒரு நன்கொடை. அதை வாங்குவது மாப்பிள்ளையா, அவருடைய பெற்றோரா என்று சட்டத்தரணி கேட்டார். பெற்றோர் கொடுத்தால் மூன்றாம் ஆள் கொடுத்த நன்கொடையாகக் கணக்கிலிருந்து விலகும். கணவன் கொடுத்தால் விலகாது, மகளின் சொத்துக் கணக்கில் சேரும். தாலியைக் கட்டிய குற்றத்துக்காக அதன் பெறுமதியில் பாதியைக் கட்டியவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்று நான் விளையாட்டாகச் சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை. யார் வாங்கினாலும் தாலிக்கொடியும் கலியாண நகைகளும் மகளுக்கே தனிச் சொத்து என்று ஒரே வரியில் எழுதி அந்தப் பிரச்சினையை முடித்தார்கள்.

கையொப்பமிடுவதற்கு முந்திய இரவு, மகள் என் சீதன உறுதியைக் காட்டச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும். ஆனால் நொத்தாரிசு எழுத்து யாருக்குமே சுலபமாக வராது. பழுப்பேறிய தாளை மேசையில் விரித்து, எல்லைகளை விரலால் தொட்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும், "இதில அப்பாவின்ர கையெழுத்து எங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப அப்பாவுக்கு என்ன இருந்தது, என்ன கடன் இருந்தது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். தெரியாது என்றேன். அவருடைய முதுசம் பற்றி என் பெற்றோருக்குத் தரகர் சொன்னது தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. கணவர் அடுத்த அறையில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ரெண்டாயிரம் ரூபா சீட்டுக்காசு கட்ட வேண்டியிருந்தது" என்று அங்கிருந்தே சொன்னார். முப்பத்தெட்டு வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தும் நான் கேட்காத கணக்கு அது.

பங்குனி முடிவதற்குள் இருவரும் தத்தம் சட்டத்தரணியின் அலுவலகத்தில், சாட்சி முன்னிலையில், தனித்தனி நாட்களில் கையொப்பமிட்டுவிட்டார்கள். திருமணத்துக்கு மாதக் கணக்கில் இடைவெளி இருப்பது நல்லது என்று இரு சட்டத்தரணிகளும் சொல்லியிருந்தார்கள். விறாந்தையும் இல்லை, வெற்றிலைத் தட்டமும் இல்லை. மகள் மதிய இடைவேளையில் போய்க் கையொப்பமிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

இனி என் பக்கத்தில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வலிகாமம் வடக்கில் உள்ள அந்த 6 பரப்பையும் மகளுக்கு எழுதிவிட நினைத்திருக்கிறேன். அவள் கனடியப் பிரசை. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை இலங்கையின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தாலும், நெருங்கிய உறவினருக்கு நன்கொடையாகக் கொடுப்பதற்கு அதில் விலக்கு உண்டு. எங்கள் வழக்கப்படி எழுத்துக்கு முன்பே உறுதியை முடித்துவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்னுடைய உறுதி நான்கு நாள் பிந்தியிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் மணவறைக்கு வந்திருப்பார்களோ தெரியாது. மகளின் சட்டத்தரணி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்: எழுத்து முடியட்டும், அதன் பிறகு எழுதுங்கள். மணத்துக்கு முன் கொடுத்தால் அன்றைய பெறுமதியை மட்டுமே அவள் கழிக்கலாம். காணி விலை ஏறினால் அந்த ஏற்றம் பங்கீட்டுக்குள் வந்துவிடும். மணத்துக்குப் பின் பெற்றோர் கொடுத்த நன்கொடையானால், காணி முழுவதும் பங்கீட்டுக்கு வெளியே நிற்கும். ஆனால் அந்தக் காணியிலிருந்து வரும் வருமானமும் வெளியே நிற்க வேண்டுமென்றால், கொடுப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டுமாம்.

ஆகவே மார்கழியில் ஊருக்குப் போகிறோம். கணவரும் வருகிறார், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நொத்தாரிசு உறுதியை முடிக்க மாட்டார். பழைய உறுதியில் உள்ள எல்லைகளை அப்படியே எழுதச் சொல்லப்போகிறேன், கிணற்றில் அரைப்பங்கு உட்பட. அதற்குக் கீழே, எங்கள் ஊர் நொத்தாரிசு எவரும் இதற்கு முன் எழுதியிருக்க மாட்டார் என்று நான் நினைக்கும் ஒரு வரி சேர வேண்டும்: இக்காணியால் வரும் வருமானமும் என் மகளுக்கே தனி உரித்து, அது வேறெந்தக் கணக்கிலும் சேராது.